முத்தையா பெயரில் வந்த ரத்தம்

எங்கள் ஆய்வகத்தில் இனிமேல் மெஷினே ரிசல்ட்டைப் பார்த்து, மெஷினே சரியென்று முடிவு செய்து, மெஷினே நோயாளியின் மொபைலுக்கு அனுப்பிவிடுமாம். ஆள் ஒருத்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டாமாம். வாட்ஸ்அப் குழுவில் சேதி வந்ததும், இப்போது அங்கே வேலை பார்க்கும் பெண்கள் கை தட்டுகிற படமாகப் போட்டுத் தள்ளினார்கள். அதில் ஒருத்தி, "எஸ்தர் ஆன்ட்டி, முப்பத்திரண்டு வருஷம் நீங்க அப்படி என்னதான் பார்த்தீங்க? எழுதி அனுப்புங்க, ஆண்டு மலர்ல போடலாம்" என்று கேட்டாள். கேலியாகக் கேட்டாளா, நிஜமாகக் கேட்டாளா என்று இரண்டு நாள் யோசித்தேன். இன்னும் தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். முன்போல வேகமாக எழுத வரவில்லை. நாளுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குச் சந்தேக புத்தி. அதை ஒளிக்கப்போவதில்லை. மும்பை லோக்கல் ரயிலில் அடுத்த ஸ்டேஷன் காட்கோபர் என்று அறிவிப்பு வந்தாலும், போர்டை என் கண்ணால் பார்த்த பிறகுதான் சீட்டை விட்டு எழுந்திருப்பேன். மகன் முலுண்டில் ஃப்ளாட் வாங்கியபோது பில்டர் சொன்ன சதுர அடியை நம்பாமல் நானே டேப் பிடித்து அளந்தேன். என் மருமகள் இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும், அளவு குறைவாகத்தான் இருந்தது.

தாராவியில் பிறந்தேன், மாட்டுங்காவில் படித்தேன், இரண்டு வருஷ லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்தேன், செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் பத்து வருஷம் சுகர், யூரின், ஹீமோகுளோபின். சொல்வதற்கு ஒன்றுமில்லை. அப்புறம் லிமயே மேடம் வந்தார். என் சந்தேக புத்திக்குச் சம்பளம் கொடுத்து வேலை வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

டாக்டர் லிமயே எங்கள் ஆய்வகத்துக்குத் தலைவர். ஒல்லியான உருவம், காட்டன் புடவை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. நாம் எதைச் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "கைசே மாலூம்?" என்பார். எப்படித் தெரியும், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் நாலு டிகிரியில் இருக்கிறது மேடம். கைசே மாலூம்? மீட்டர் காட்டுகிறது மேடம். கைசே மாலூம்? அதற்கப்புறம் நாங்கள் ஃப்ரிட்ஜுக்குள் தனியாக ஒரு தெர்மாமீட்டரைத் தண்ணீர்க் குப்பியில் போட்டு வைத்தோம். அந்தத் தெர்மாமீட்டர் சரியா என்று பார்க்க இன்னொன்று வாங்கினார். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நோயாளியிடம் பெயர் கேட்பதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். "நீங்கதான் ராமச்சந்திரனா?" என்று கேட்கக் கூடாது. கூட்டத்தில், காய்ச்சலில், பயத்தில் யாரும் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள். "உங்க பேர் என்ன? அப்பா பேர் என்ன?" என்று கேட்டுவிட்டு நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர்கள் வாயால் சொன்னதை ரிஜிஸ்டரில் அதற்கென்று இருந்த கட்டத்தில் எழுத வேண்டும். பெயர் எழுதும் ஆளும் ரத்தம் எடுக்கும் ஆளும் வேறு வேறாக இருக்க வேண்டும். யார் எழுதினாரோ அவரே கையெழுத்துப் போட வேண்டும்.

இப்போது அந்தப் புரதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இனி வரும் விஷயம் புரியாது. நம் உடம்பில் ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி அனுப்ப வேண்டுமென்றால் சின்னச் சின்னப் புரதங்களைத்தான் அனுப்புகிறது. அதில் ஒன்றுக்கு டி.என்.எஃப். என்று பெயர். எங்கேயாவது கிருமி புகுந்தால், "இங்கே வாங்க, இங்கே வாங்க" என்று காவல் செல்களைக் கூப்பிடுவது அதன் வேலை. வீக்கமும் சூடும் வலியும் அந்தக் கூட்டம் கூடுவதால் வருவது. சிலருக்குக் கிருமியே இல்லாமல் மூட்டுகளில் இந்தப் புரதம் கத்திக்கொண்டே இருக்கும். விரல் வீங்கும், மடங்காது, நாள்பட்டால் கோணிப்போகும். டி.என்.எஃப்.-ஐ வாயடைக்க ஒரு ஊசி இருக்கிறது. எத்தனையோ பேருக்கு அந்த ஊசி கையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

ஆனால் அதே புரதம் சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் பார்க்கிறது. நம் ஊரில் நிறையப் பேருக்கு நெஞ்சுக்குள் டி.பி. கிருமி தூங்கிக்கொண்டிருக்கும். அவர்களுக்கே தெரியாது. இருமல் இல்லை, யாருக்கும் தொற்றாது. அந்தக் கிருமியைச் சுற்றி வளைத்துக் காவல் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை அங்கேயே உட்கார வைப்பது டி.என்.எஃப். ஊசி போட்டால் மூட்டில் நடக்கும் கூச்சலும் நிற்கும், நெஞ்சில் இருக்கும் காவலும் கலையும். அப்புறம் டி.பி. உடம்பெல்லாம் பரவும். அதனால் ஊசிக்கு முன்னால் தூங்கும் டி.பி. இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த நல்ல டாக்டரும் ஊசியைத் தொட மாட்டார்.

அந்தச் சோதனை என் கையில் இருந்தது. நான்கு சின்னக் குழாய்களில் ரத்தம் பிடிக்க வேண்டும். இரண்டின் உள்சுவரில் டி.பி. கிருமியின் துணுக்கு பூசியிருக்கும். ஒவ்வொன்றையும் பத்துத் தடவை குலுக்க வேண்டும். சுவர் முழுக்க ரத்தம் பட வேண்டும், நுரைக்கக் கூடாது. பிறகு உடம்புச் சூட்டில் ஒரு ராத்திரி வைக்க வேண்டும். முன்பு எப்போதாவது டி.பி.-யைச் சந்தித்த வெள்ளணுக்கள் இருந்தால் அவை பழைய எதிரியை அடையாளம் கண்டு இன்னொரு சேதிப் புரதத்தை விடும். அதை மறுநாள் அளப்போம். மூன்றாவது குழாய் வெறும் குழாய். நான்காவதில் எந்த ஆளின் செல்லையும் கத்த வைக்கும் மருந்து இருக்கும். அது கத்தவில்லை என்றால் சோதனையே செல்லாது. எனக்குப் பிடித்தது அந்த நான்காவது குழாய்தான். சோதனையையே சந்தேகப்படுகிற சோதனை.

முத்தையா பெயரில் ரத்தம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. தாராவியில் இட்லி போடுகிற குடும்பம். விடியும் முன்பே அடுப்பு பற்றவைத்து, டப்பா டப்பாவாக மும்பை முழுக்க அனுப்புகிற வீடுகளில் ஒன்று. மூட்டு டாக்டர் எழுதிய சீட்டில், இரண்டு கை விரல் மூட்டும் வீக்கம், விரல் மடங்கவில்லை, எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தம், அடுத்த வியாழன் முதல் ஊசி என்று இருந்தது. டி.பி. சோதனையோடு சி.ஆர்.பி.-யும் கேட்டிருந்தார். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் சேதிப் புரதங்கள் ஈரலுக்குத் தகவல் சொல்லும், ஈரல் சி.ஆர்.பி.-யை ரத்தத்தில் விடும். அழற்சி கூடினால் அதுவும் கூடும்.

திங்கட்கிழமை ரிசல்ட் என் முன்னால் வந்தது. டி.பி. இல்லை. நான்காவது குழாய் நன்றாகக் கத்தியிருந்தது. எல்லாம் அத்தனை சுத்தம். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். பக்கத்திலேயே சி.ஆர்.பி. இருந்தது. ஒன்றுக்கும் கீழே. போன மாதம் இதே ஆளுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது.

பேனாவை மூடி வைத்துவிட்டேன். பத்து விரலும் வீங்கிய மனுஷனுக்கு ஒன்றுக்கும் கீழே எப்படி வரும்?

முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டேன். மறுபடி ஓட்டினேன், அதே எண். கிட்டைச் சந்தேகப்பட்டேன். புதுப் பெட்டியைப் பிரித்து, நமக்கு முன்பே விடை தெரிந்த மாதிரியை ஓட்டினேன், சரியாக வந்தது. வைத்தியர் யாராவது ஸ்டீராய்டு கலந்த பொடி கொடுத்திருப்பாரோ என்று பார்த்தேன். அப்படியென்றால் நான்காவது குழாய் இத்தனை பலமாகக் கத்துவது கஷ்டம். மிச்சம் இருந்தது ஒன்றுதான். குழாய் மாறியிருக்க வேண்டும். குழாயில் ரத்தம் பிடித்தவன் சச்சின்.

சச்சினை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. வேலை செய்யும்போது பாட்டை முணுமுணுப்பான். நோயாளிகளோடு ஜோக் அடிப்பான். சிரித்துக்கொண்டே வேலை செய்கிற ஆளை நான் நம்புவதில்லை. வெள்ளிக்கிழமை காலை பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இரண்டு பேருக்கு ரத்தம் எடுத்திருக்கிறான். லேபிளை மாற்றி ஒட்டிவிட்டான் என்று மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். மனசோடு விடாமல் பேப்பரிலும் எழுதினேன். சச்சினின் கவனக்குறைவால் மாதிரி மாறியது என்று ஒரு மெமோ. அதை லிமயே மேடத்தின் மேஜையில் கொண்டு போய் வைத்தேன்.

மேடம் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கைசே மாலூம்?"

"ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல எடுத்திருக்கான் மேடம்."

"மாற்றினான் என்று கைசே மாலூம்?"

மேடம் சச்சினைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் வந்து மெமோவைப் படித்தான். முகம் சுருங்கிப்போயிற்று. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. ஹிந்தியில் சொன்னான்: "மேடம், இன்னொரு ஆள் ஒரு பொம்பளை. இவர் ஞாபகம் இருக்கு. முட்டி பந்த் கரோ, கைய மூடுங்கன்னு சொன்னேன். அப்படி ஒரு முட்டி! கல்லு மாதிரி மடக்கினார். நரம்பு தானா எழுந்து வந்தது. ஒரே குத்து. குழாய்ல அவர் எதிர்லதான் லேபிள் ஒட்டினேன்."

மேடம் டாக்டரின் சீட்டை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். விரல் மடங்கவில்லை என்ற வரியின்மேல் பென்சிலை வைத்தார். குழாய் மாறவில்லை, ஆளே மாறியிருக்கிறது.

"ரிஜிஸ்டர்" என்றார் மேடம்.

நானே எடுத்து வந்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கம். வரிசையாக எல்லோர் பெயரும் அப்பா பெயரும் அவரவர் சொன்னபடி. முத்தையாவுக்கு நேரே மட்டும் "தெரிந்தவர்" என்று ஆங்கிலத்தில் ஒரே வார்த்தை. கீழே கையெழுத்து. என்னுடையது.

"இவரை உனக்குத் தெரியுமா, எஸ்தர்?"

"நம்ம ஊர் ஆளு மேடம். திசையன்விளை பக்கம்."

"அவர் முத்தையாதான் என்று கைசே மாலூம்?"

அப்போதுதான் அந்தக் காலை எனக்கு அப்படியே திரும்பி வந்தது. ஜன்னலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் சீட்டை நீட்டினார். மராத்தியும் ஹிந்தியுமாக இருந்த கூட்டத்தில் ஒரு தமிழ் முகம். சீட்டைப் பார்த்து, "முத்தையாவா? எந்த ஊரு?" என்று நானே கேட்டேன். அவர் ஊரைச் சொன்னார். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பத்தைச் சொன்னேன், அவருக்கும் தெரிந்திருந்தது. போதாதா? மெஷினை நம்பாதவள், மீட்டரை நம்பாதவள், கூட வேலை செய்கிறவனை நம்பாதவள், ஊர்ப் பெயரைக் கேட்டதும் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டேன். அன்று போல நான் வெட்கப்பட்டது இல்லை.

மேடம் உடனே மூட்டு டாக்டருக்குப் போன் போட்டு வியாழக்கிழமை ஊசியை நிறுத்தச் சொன்னார். மெமோவை என் பக்கம் தள்ளினார். "பெயரைச் சரி செய்து கொண்டு வா" என்றார். சச்சின் பெயர் இருந்த இடத்தில் என் பெயரைப் போட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். அந்த வருஷம் எனக்கு வர வேண்டிய சீனியர் பதவி அடுத்த வருஷம்தான் வந்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. அன்று மத்தியானமே தாராவிக்குப் போனேன். கீழே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரும்பு ஏணி ஏறி மாடி அறைக்குப் போனால், சுவரோரம் ஒருத்தர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை விரலால் பிடிக்கவில்லை, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அணைத்துப் பிடித்திருந்தார். யாரும் சொல்லாமலே முத்தையா யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் வெள்ளிக்கிழமை ஜன்னலில் நின்ற ஆள் நின்றுகொண்டிருந்தார். அவர் முத்தையாவின் தம்பி சுடலை. என்னைப் பார்த்ததும் ஏணிப் பக்கம் நழுவினார்.

"ஏல, நில்லு" என்றேன். "யாரு ரத்தத்த யாரு பேருல குடுத்த?"

சுடலை தலையைக் குனிந்துகொண்டார். "நான் பொய் சொல்லலக்கா. நீங்க எம்பேர கேக்கவே இல்லியே. ஊரத்தான கேட்டிய. ஊரச் சொன்னேன்."

அவர் சொன்னது உண்மை.

முத்தையாவின் மனைவி பேச்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அவிய மேல கோவப்படாதீய எக்கா. நான்தான் அனுப்பினேன். எங்க மாமனாரு செத்தது டி.பி.யிலதான். வெளிய ஹார்ட் அட்டாக்குன்னு சொல்லிட்டோம். இந்த வீட்டுல டி.பி.ன்னு ஒரு பேச்சு கெளம்பிட்டா எங்க இட்லிய எவன் வாங்குவான்? அதுவும் போக, டி.பி. இருந்தா அந்த ஊசியே போட மாட்டாவன்னு சொன்னாவ. இவியளுக்கு சட்ட பட்டன் போடக்கூட நான்தான் வேணும். ஊசி இல்லன்னா இந்தக் கை அவ்வளவுதான."

"யாரு சொன்னா, ஊசி கெடையாதுன்னு?"

"பக்கத்து வீட்டுல."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த ஊசிய வியாழக்கிழம போட்டிருந்தா கை மடங்கியிருக்கும், ஆளு இருந்திருக்க மாட்டாரு" என்றேன். பேச்சியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்புறம் குரலைத் தணித்து எல்லாவற்றையும் சொன்னேன். தூங்குகிற கிருமி இட்லிக்கும் போகாது, பிள்ளைகளுக்கும் போகாது. முதலில் மாத்திரை, அது கொஞ்ச நாள் வேலை செய்ததும் ஊசி. ஊசி கிடையாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. முத்தையா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கு நானே வாரேன்" என்றார்.

மறுநாள் ஜன்னலில் நான் உட்கார்ந்திருந்தேன். "உங்க பேர் என்ன?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். "முத்தையா." "அப்பா பேரு?" "சங்கரலிங்கம்." எழுதினேன். சச்சின் கையை மடக்கச் சொன்னான். விரல்கள் பாதியில் நின்றன. நரம்பு தேட நேரம் பிடித்தது. சி.ஆர்.பி. நாற்பதைத் தாண்டி வந்தது. டி.பி. துணுக்கு பூசிய இரண்டு குழாயும், அப்பாவைக் கொன்ற கிருமியை அடையாளம் கண்டு பலமாகக் கத்தியிருந்தன. நிறுத்தாமல் விட்டிருந்தால் மறுநாளே ஊசி போட்டிருப்பார்கள்.

முத்தையா மாத்திரை தொடங்கினார், மாதம் ஒன்றுக்கு மேல் கழிந்து டாக்டர் சரியென்ற பிறகு ஊசி போட்டார்கள். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சோதனைக்கு வருவார். ஜன்னலுக்கு வந்ததும் பெயர் சொல்லும் முன்பே கையைத் தூக்கி முட்டியாக மடக்கிக் காட்டுவார். "பேரச் சொல்லுங்க" என்பேன். சிரித்துக்கொண்டே சொல்வார். ஒரு தடவை ஒரு டப்பா இட்லி கொண்டுவந்தார். உளுந்து கம்மி என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

சச்சினிடம் மன்னிப்புக் கேட்டேன். "கோயி பாத் நஹி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பரவாயில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் அதற்கப்புறம் நான் பக்கத்தில் இருந்தால் அவன் பாட்டு முணுமுணுப்பதில்லை. நான் ரிட்டையர் ஆகிற நாள்வரை அப்படித்தான். அந்தப் பாட்டை நான் நிறுத்திவிட்டேன் என்று பல நாள் வருத்தப்பட்டிருக்கிறேன்.

போன மாதம் எனக்கே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். காலையில் எழுந்தால் விரலெல்லாம் வீக்கம், பேனா பிடிக்க முடியவில்லை. நம்பிக்கை இருக்கிற இடம் அது ஒன்றுதான் என்று பழைய ஆய்வகத்துக்கே போனேன். ஜன்னலில் சச்சின் இருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. சீட்டை நீட்டினேன்.

"நாம்?" என்றான். பெயர் என்ன என்கிறான்.

இருபது வருஷத்துக்கு மேல் ஒரே அறையில் வேலை செய்தவன். என்னைத் தெரியாதா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். "எஸ்தர்" என்றேன்.

"பாப் கா நாம்?"

"தேவசகாயம்."

ஆதார் கார்டு கேட்டான். கார்டைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், திரும்பவும் கார்டைப் பார்த்தான். உள்ளே ரத்தம் எடுக்கும் பெண் அன்று வரவில்லையாம். வேறொரு பையனை ஜன்னலில் உட்கார வைத்து, எழுதிய இடத்தில் கையெழுத்தையும் போட்டுவிட்டு, அவனே எழுந்து வந்தான். பெயர் எழுதியவனே ரத்தம் எடுக்கலாமா என்று கேட்கத் தோன்றியது. நான் கேட்கும் முன்பே அந்தப் பையன் இன்னொரு தடவை என் பெயரைக் கேட்டான். சொன்னேன். சச்சின் என் கையில் ரப்பரைக் கட்டினான்.

"முட்டி பந்த் கரோ."

மடக்கினேன். விரல்கள் பாதியில் நின்றன.

சச்சின் என் விரல்களைப் பார்த்தான். பிறகு தன் உள்ளங்கையை என் கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டான். "டீக் ஹை" என்றான் மெதுவாக. "ஆப் ஹி ஹோ." சரி, நீங்களேதான்.

நரம்பு தேடிக் குனிந்தவன், ஏதோ பழைய பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தான்.